வெயில் உறைக்காத ஊரில் ஐம்பது வயது முகம்

கேள்வி:

"டாக்டரம்மாவுக்கு வணக்கம். எனக்கு 52 வயது. கோத்தகிரி பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். மாதவிலக்கு நின்று இரண்டு வருடம் ஆகிறது. கல்லூரிக் காலத்திலிருந்து என் வழக்கம் ஒன்றுதான். ஒரு நாளைக்கு நான்கு தடவை சோப்புப் போட்டு முகம் கழுவிப் பவுடர் போடுவேன். வெள்ளிக்கிழமை மஞ்சள். ஞாயிற்றுக்கிழமை கடலைமாவில் எலுமிச்சம்பழம் பிழிந்து ஒரு பூச்சு. அப்போதெல்லாம் என் முகத்தைப் பார்த்துப் பொறாமைப்படுவார்கள். இப்போது அதையே செய்தால் முகம் இழுத்துப் பிடிக்கிறது, அரிக்கிறது, பவுடர் சாம்பல் பூசினாற்போல் தெரிகிறது. இரண்டு கன்னத்திலும் கறுப்புத் திட்டாக மங்கு. தாடையில் மூன்று நான்கு முரட்டு முடி. திருப்பூர் நாத்தனார் ஒரு கிரீம் கொடுத்தார். ஒரே மாதத்தில் முகம் பளபளத்தது. நிறுத்தினால் சிவந்து எரிகிறது என்பதால் ஆறு மாதமாக விடாமல் போடுகிறேன். தலைக்கு டை அடித்த மறுநாள் நெற்றியோரம் அரித்து, கண்ணிமை வீங்குகிறது. பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் ஒரு பை நிறைய சீரம் அனுப்பியிருக்கிறாள். தை மாதம் அவளுக்குக் கல்யாணம், இன்னும் பத்து வாரம்தான். 'இந்த வயசுல உனக்கு எதுக்கு இதெல்லாம்' என்கிறார் வீட்டுக்காரர். வயதுக்கு ஏற்றபடி நான் எதையெல்லாம் மாற்ற வேண்டும்? கடைசியாக ஒன்று: கல்யாணத்துக்கு வாடாமல்லி நிறத்தில் பட்டு எடுத்திருக்கிறேன். இந்த வயதுக்கு ரொம்பப் பளிச்சென்று இருக்குமோ?"

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

நீங்கள் கேட்ட வரிசையில் பதில் சொல்லப்போவதில்லை. நடுவில் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனீர்களே, நாத்தனார் கொடுத்த கிரீம், அங்கேதான் ஆரம்பிக்க வேண்டும். மற்றதெல்லாம் பத்து நாள் பொறுக்கும். அது பொறுக்காது.

அந்த டியூபை எடுத்து, மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படியுங்கள். மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், ஃபுளுசினோலோன், இவற்றில் ஒரு பெயர் இருந்தால் அது ஸ்டீராய்டு. பக்கத்திலேயே ஹைட்ரோகுவினோன், டிரெட்டினோயின் என்று இன்னும் இரண்டு பெயர் இருக்கும் என்று நினைக்கிறேன். இந்தக் கூட்டு புதிது இல்லை. 1975-ல் ஆல்பர்ட் கிளிக்மேன் என்ற அமெரிக்கத் தோல் மருத்துவர் இப்படி மூன்றையும் சேர்த்து எழுதினார். டாக்டர் பார்வையில் சில வாரம் போட்டுவிட்டு நிறுத்தவேண்டிய மருந்து. நம் ஊரில் அது சிவப்பழகு கிரீம் ஆகி, நாத்தனாரிடமிருந்து அண்ணிக்கும் அண்ணியிடமிருந்து பக்கத்து வீட்டுக்கும் உறைமோர் மாதிரிக் கைமாறிக்கொண்டிருக்கிறது. 2018-ல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளைச் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தது. சட்டம் இருக்கிறது. கேட்டால் எடுத்துக் கொடுக்கிற கையும் இருக்கிறது.

ஸ்டீராய்டு, தோலுக்குள் இருக்கும் நுண்ணிய ரத்தக் குழாய்களைச் சுருக்கும். அதனால் முகம் வெளுத்துத் தெரியும். எரிச்சல், வீக்கம் எல்லாவற்றையும் அமுக்கி வைக்கும். மாதக்கணக்கில் போடப் போடத் தோல் மெலிந்துகொண்டே வரும். நிறுத்திய சில நாளில், சுருங்கிக் கிடந்த குழாய்கள் ஒரேயடியாக விரிந்து, நீங்கள் சொன்ன அந்தச் சிவப்பும் எரிச்சலும் வரும். மறுபடி போட்டால் அடங்கும். கந்துவட்டி மாதிரிதான். முதல் மாதம் கையில் காசு புரளும், அப்புறம் வட்டி கட்டுவதே பிழைப்பாகிவிடும்.

குன்னூரில் 24 வருடமாகத் தோல் வைத்தியம் பார்க்கிறேன். வருகிறவரின் கன்னத்தை ஜன்னல் பக்கம் திருப்பினாலே பாதி தெரிந்துவிடும். வெங்காயச் சருகு மாதிரி ஒரு மினுமினுப்பு, அதற்கு அடியில் நூல் நூலாகச் சிவப்புக் கோடு, தாடையோரம் பூனை முடி. "எத்தனை மாசமா கிரீம் போடறீங்க?" என்று கேட்டால், "எப்படிங்கம்மா கண்டுபிடிச்சீங்க?" என்பார்கள். உங்கள் தாடை முடியில்கூட இந்தக் கிரீமுக்குப் பங்கு இருக்கலாம்.

எனவே இந்த வாரமே ஒரு தோல் மருத்துவரைப் பாருங்கள். ஊட்டியிலோ கோவையிலோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனால் தோல் பிரிவு இருக்கும், செலவும் இல்லை. டியூபைக் குப்பையில் போட்டுவிட்டுப் போகாதீர்கள், கையோடு எடுத்துப் போங்கள். எந்த ஸ்டீராய்டு, எவ்வளவு வீரியம் என்று பார்த்துத்தான் உடனே நிறுத்துவதா, வீரியம் குறைந்த மருந்துக்கு மாற்றி இறக்குவதா என்று முடிவு செய்ய முடியும். சில வாரம் முகம் முரண்டு பிடிக்கும். அந்த நாட்களில் கண்ணாடியைப் பார்த்துப் பயந்து பழைய டியூபைத் தேடினீர்கள் என்றால், கல்யாணத்தன்றும் அதே முகத்தோடுதான் நிற்க வேண்டிவரும். இன்று ஆரம்பித்தால் பத்து வாரம் பெரும்பாலும் போதும். மார்கழிக் கடைசியில் என்னைத் தேடி வந்திருந்தால் இந்தத் தைரியத்தை நான் கொடுத்திருக்க மாட்டேன்.

டியூபில் எழுத்தே இல்லாமல் வெறும் டப்பாவாக இருந்தால் இன்னும் கவலை. அந்த மாதிரிச் சிவப்பழகு கிரீம்கள் சிலவற்றில் பாதரசம் கலந்திருக்கிறது. பக்கத்து மலப்புறம் மாவட்டத்தில் அப்படிப்பட்ட கிரீம் பூசியவர்களுக்குச் சிறுநீரக நோய் வந்ததை 2023-ல் அங்குள்ள டாக்டர்கள் பதிவு செய்தார்கள். டப்பா என்றால் சிறுநீர்ப் பரிசோதனையையும் சேர்த்துக் கேளுங்கள்.

சரி, இப்போது உங்கள் பழைய வழக்கத்துக்கு வருவோம். அது கெட்ட வழக்கம் ஒன்றும் இல்லை. இருபத்திரண்டு வயதில் மத்தியானத்துக்குள் நெற்றி எண்ணெய் வடிந்த ஒரு பெண்ணுக்காக அமைந்த வழக்கம். அந்த எண்ணெயை எடுக்கத்தான் சோப்பு, மீதியை உறிஞ்சத்தான் கடலைமாவு, அதற்கு மேல் பவுடர். எண்ணெய் இருந்தவரை எல்லாம் பொருந்தியது. இப்போது அந்த எண்ணெய் இல்லை. மாதவிலக்கு நின்றதும் ஈஸ்ட்ரோஜன் குறைகிறது, தோலின் எண்ணெய்ச் சுரப்பும் ஈரம் பிடிக்கும் சக்தியும் கூடவே குறைகின்றன. தோலைத் தாங்கி நிற்கும் கொலாஜன் என்ற நாரில் ஏறத்தாழ 30 சதவீதம் முதல் ஐந்து வருடத்திலேயே போய்விடும். நீங்கள் அந்த ஐந்து வருடத்தின் நடுவில் இருக்கிறீர்கள். இல்லாத எண்ணெயை நான்கு வேளை கழுவினால் தோல் இழுத்துப் பிடிக்காமல் என்ன செய்யும்?

சோப்பின் காரத்தையும் சொல்லவேண்டும். தோலின் மேற்பரப்பு லேசான புளிப்பு, கார அமில அளவில் ஐந்துக்குப் பக்கம். சாதாரணக் குளியல் சோப்பு ஒன்பது, பத்து. இளந்தோல் கழுவிய சில மணி நேரத்தில் தன் புளிப்பை மீட்டுக்கொள்ளும். வயதான தோலுக்கு அதிக நேரம் ஆகும். அது மீள்வதற்குள் நீங்கள் அடுத்த தடவை சோப்பை எடுத்துவிடுகிறீர்கள். காலையில் வெறும் தண்ணீர் போதும். இரவில் மட்டும், நுரை அதிகம் வராத முகக் கழுவி ஒன்று, 'சோப்பு இல்லாதது' என்று போட்டிருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் போதும். நம் மலையில் கொதிக்கக் கொதிக்கக் குளிப்பது ஒரு சுகம்தான், எனக்கும் அது தெரியும். முகத்தை மட்டுமாவது அந்தச் சுகத்திலிருந்து விட்டுவிடுங்கள்.

துடைக்கும்போது அழுத்தித் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, ஈரம் காய்வதற்குள், மூன்று நிமிடத்துக்குள், மாய்ஸ்சரைசர் பூசுங்கள். விலை பார்த்து மயங்க வேண்டாம். கிளிசரின், செராமைடு இரண்டு பெயரும் இருந்து, வாசனை இல்லாமல் இருந்தால் எந்தக் கம்பெனியும் சரிதான். கழுத்துக்கும் புறங்கைக்கும் சேர்த்துப் போடுங்கள். முகத்தைப் பார்த்து நாற்பது சொல்கிறவர்கள் கையைப் பார்த்து அறுபது சொல்வார்கள், அதுவும் சாக்பீஸ் தூசியில் முப்பது வருடம் ஊறிய வாத்தியார் கை. தேங்காய் எண்ணெய் கை காலுக்கு நல்லது. முகத்தில் சிலருக்குத் துவாரம் அடைத்துப் பரு வரும். மார்கழியில் பாட்டிலோடு உறைந்துபோகுமே, அடுப்பு மேடையில் வைத்து இளக்கி, குளித்ததும் காலில் தேயுங்கள். குதிகால் வெடிப்புக்கு யூரியா கலந்த கிரீம் தனியாகக் கிடைக்கிறது. நீலகிரித் தைலம் சளிக்குத்தான். அரிக்கிற இடத்தில் அதைத் தேய்த்துக்கொண்டு வருகிறவர்கள் எல்லா வருடமும் இரண்டு மூன்று பேர் இருக்கிறார்கள், அதனால் சொல்லிவைக்கிறேன்.

மஞ்சளை விடச் சொன்னால் உங்களுக்கு மனசு கேட்காது, தெரியும். வெள்ளிக்கிழமை காலுக்கும் கைக்கும் பூசிக்கொள்ளுங்கள். மெலிந்துபோன முகத்தில் மட்டும் இந்தப் பத்து வாரம் தேய்க்க வேண்டாம். கடலைமாவும் அப்படியே. எலுமிச்சையை மட்டும் நான் பேரம் பேசாமல் வேண்டாம் என்பேன். புளிப்பில் அது தோலைவிடப் பல நூறு மடங்கு. அதைப் பூசிய தோலில் வெயில் பட்டால் கருந்திட்டே விழலாம். மங்கு போகட்டும் என்று பூசிக்கொண்டது அந்த மங்குத் திட்டையே வளர்த்த கதை எங்களுக்குப் பழகிப்போனது.

மங்குக்கு வருகிறேன். இங்கே கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசவேண்டும், ஏனென்றால் மலையில் இருக்கிற நாம் எல்லோருமே ஏமாறுகிற இடம் இது. "டாக்டர், எங்க ஊர்ல வெயிலே இல்லையே!" இந்த வாக்கியத்தை வாரத்துக்கு ஒருமுறையாவது கேட்கிறேன். வெயில் உறைக்கவில்லை, அவ்வளவுதான். உறைப்பது வெப்பம். தோலைக் கறுக்க வைப்பதும் சுருங்க வைப்பதும் புற ஊதாக் கதிர். அதற்கு வெப்பம் கிடையாது, கண்ணுக்கும் தெரியாது. ஆயிரம் மீட்டர் ஏறினால் அது ஏறத்தாழ 10 சதவீதம் கூடும், காற்று மெல்லிதாவதால். கோத்தகிரி ஏறத்தாழ 1,800 மீட்டர். மேட்டுப்பாளையத்தில் வியர்த்து வழிய நிழல் தேடுகிறவர், பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம் ஏறி வந்து ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வெயிலில் சுகமாக உட்காருகிறார். கீழே பட்டதைவிட 15 சதவீதம் அதிகமான கதிர் அங்கே அவர் முகத்தில் இறங்குகிறது. மெல்லிய மேகம் அதைப் பெரிதாகத் தடுக்காது. பனிமூட்டம் விலகி மூடி விளையாடும் நாளில் நாம் குடையையும் மறந்துவிடுகிறோம்.

கண்ணாடியும் முழுக் காவல் இல்லை. புற ஊதாவில் ஒரு வகை ஜன்னல் கண்ணாடியைத் தாண்டி வரும். 2012-ல் ஓர் அமெரிக்க மருத்துவ இதழில் ஒரு லாரி ஓட்டுநரின் படம் வந்தது. 28 வருடம் ஓட்டியவர், முகத்தில் ஜன்னல் பக்கத்துப் பாதி மட்டும் பையனுக்குத் தாத்தா மாதிரி மடிப்பு மடிப்பாகத் தொங்கும். அங்கே இடது கன்னம். நம் மலைப்பாதையில் ஓட்டுகிறவர்களுக்கு வலது. அடுத்த முறை பஸ் ஏறும்போது ஓட்டுநரின் இரண்டு கன்னத்தையும் கவனித்துப் பாருங்கள். பிறகு உங்கள் வகுப்பறையில் நீங்கள் எந்தப் பக்க ஜன்னலோரம் நிற்கிறீர்கள் என்று யோசியுங்கள்.

அதனால் மாய்ஸ்சரைசருக்கு அடுத்து உங்களுக்கு வேண்டியது சன்ஸ்கிரீன் ஒன்றுதான். டியூபில் போட்டிருக்கும் வெயில் காப்பு எண், எஸ்.பி.எஃப்., 30 போதும், ஐம்பதும் நூறும் பெரிய வித்தியாசம் இல்லை. முப்பது 97 சதவீதம் தடுக்கும், ஐம்பது 98. எண்ணைவிட அளவுதான் முக்கியம். ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நீளமாக ஒவ்வொரு கோடு பிதுக்கினால் முகத்துக்கும் கழுத்துக்கும் சரியாக இருக்கும். ஒருவேளைக்கு ஏறத்தாழ ஒரு கிராம். ஐம்பது கிராம் டியூப், காலையில் ஒருமுறை போட்டால் ஏழு வாரத்தில் தீரவேண்டும். ஆறு மாதம் வருகிறது என்றால் நீங்கள் போடுவது பேருக்குத்தான். மங்கு இருக்கிறவர்களுக்குக் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமே கறுப்பைக் கூட்டும். அதனால் இரும்பு ஆக்சைடு கலந்த, நிறமுள்ள சன்ஸ்கிரீன் வாங்குங்கள். லேசான சந்தன நிறத்தில் இருக்கும், மங்குத் திட்டையும் ஓரளவு மறைத்துவிடும், பவுடர் தேவைப்படாது. காலை இறைவணக்கம், விளையாட்டு மைதானம், மாலை பஸ் நிறுத்தம் எல்லாவற்றுக்கும் குடை. மழைக்கென்று பையில் எப்படியும் வைத்திருப்பீர்கள், வெயிலுக்கும் அதையே விரியுங்கள். நம் பக்கத்துப் பாட்டிமார்கள் தலையைச் சுற்றி வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போவார்கள். அவர்களின் நெற்றித் தோலைக் கிட்ட நின்று பார்த்திருக்கிறேன். பேத்திகளுக்கு அப்படி இல்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் கேட்டுவிடுகிறேன். இரவில் கரி அடுப்பு மூட்டிக் காலை நீட்டி உட்காருகிறீர்களா? முழங்காலுக்குக் கீழே மீன்வலை விரித்தாற்போலப் பழுப்புக் கோடுகள் இருந்தால் அது அந்தச் சூட்டின் தடம். வலிக்காது, அரிக்காது, சேலைக்குள் மறைந்திருப்பதால் வருடக்கணக்கில் யாரும் சொல்ல மாட்டார்கள். இரண்டு அடி தள்ளி உட்காருங்கள், கம்பளிக் காலுறை போட்டுக்கொள்ளுங்கள். புதிதாக விழுந்த தடம் மெல்ல மங்கும்.

இன்னொன்று. தோல் வறட்சி, முடி கொட்டுவது, சோர்வு, எப்போதும் குளிர்வது. கீழ்நாட்டில் இதைச் சொல்லிக்கொண்டு போனால் உடனே தைராய்டு பார்க்கச் சொல்வார்கள். இங்கே "மலைதானே, குளிரத்தான் செய்யும்", "ஐம்பது ஆச்சில்ல" என்று இரண்டு சமாதானத்தில் அது ஒளிந்துகொள்ளும். ஒரே ஒரு ரத்தப் பரிசோதனைதான், டி.எஸ்.எச். கையோடு சர்க்கரையும் பார்த்துக்கொள்ளுங்கள். கழுத்தின் பின்பக்கம் வெல்வெட் மாதிரிக் கறுத்திருந்தால், குட்டிக் குட்டிப் பாலுண்ணி தொங்கினால், அதை அழுக்கென்று தேய்க்காதீர்கள், பல நேரம் அது இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம். ஆறாமல் நிற்கும் புண்ணோ, புதிதாக வளர்ந்து உருமாறும் மச்சமோ இருந்தால் அழகுக் கணக்கில் சேர்க்காமல் உடனே காட்டுங்கள்.

தலைமுடிச் சாயம். கண்ணிமை வீங்குகிற அளவுக்குப் போய்விட்டது என்றால் அது ஒவ்வாமைதான், சந்தேகத்துக்கு இடம் குறைவு. சாயத்தில் இருக்கும் பி.பி.டி. என்ற ரசாயனம். ஒருமுறை உடம்பு அதை எதிரியாக அடையாளம் கண்டுவிட்டால் ஆயுசுக்கும் மறக்காது. ஒவ்வொரு தடவையும் முன்பைவிட மோசமாக வரக்கூடும். கம்பெனியை மாற்றிப் பார்ப்பது வீண், கறுப்புச் சாயம் பெரும்பாலும் அதே மூலப்பொருள். 'மூலிகை', 'கறுப்பு மெஹந்தி' என்று எழுதியிருக்கும் பாக்கெட்டுகளிலும் அது இருக்கிறது. அடையாளம் எளிது: உண்மையான மருதாணி செம்மண் நிறம்தான் தரும். கால் மணி நேரத்தில் கருகருவென்று ஆக்கினால் அது மருதாணி மட்டும் இல்லை. சுத்தமான மருதாணிப் பொடி ஒரு நாள், அடுத்து அவுரிப் பொடி, இப்படி இரண்டு கட்டமாகப் போட்டால் ஆழ்ந்த பழுப்பிலிருந்து கறுப்பு வரை வரும். கலப்படம் இல்லாத பொடி கிடைப்பதுதான் கஷ்டம், அதனால் எதைப் போட்டாலும் முதலில் முழங்கை மடிப்பில் ஒரு பொட்டு வைத்து 48 மணி நேரம் பாருங்கள். பழைய டையை மட்டும் இப்படிக்கூடச் சோதிக்க வேண்டாம், அந்தச் சோதனையை உங்கள் கண்ணிமை ஏற்கெனவே செய்துவிட்டது. கல்யாணத்துக்கு என்றால் வகிட்டோரம் பூசி ராத்திரி கழுவிவிடுகிற ஒருநாள் வேர்ப்பூச்சு இருக்கிறது, பி.பி.டி. இல்லையா என்று பார்த்து வாங்குங்கள். நான் 51 வயதில் டையை விட்டேன். நடுவில் இரண்டு நிறமாக இருந்த எட்டு மாதம் சிரமம்தான், முடியைத் தோள் வரை வெட்டிச் சமாளித்தேன். விடச் சொல்லவில்லை, விட்டவள் இருக்கிறாள் என்று சொல்கிறேன்.

நெற்றி நடுவில், ஸ்டிக்கர் பொட்டு ஒட்டுகிற இடத்தையும் பாருங்கள். வட்டமாக வெளுத்திருந்தால் பசையில் உள்ள ரசாயனத்தின் வேலை. அப்படி இருந்தால் ஸ்டிக்கரை நிறுத்தி, அடுத்த முறை டாக்டரிடம் காட்டுங்கள்.

தாடை முடி இந்த வயதில் பலருக்கும் உண்டு, ஈஸ்ட்ரோஜன் இறங்கும்போது உடம்பில் எப்போதும் கொஞ்சம் இருக்கும் ஆண் ஹார்மோனின் கை ஓங்குகிறது. நான்கு முடிக்கு வைத்தியம் வேண்டாம். இப்போதைக்குச் சின்னக் கத்தரியால் வெட்டிவிடுங்கள். மெலிந்த தோலில் நூல் போட்டால் கன்றிப்போகும். வெட்டினால் அடர்த்தியாக முளைக்கும் என்பது சும்மா பேச்சு. திடீரென்று முகமெல்லாம் வளர்ந்தால், குரல் தடித்தால், அப்போது பரிசோதனை வேண்டும்.

மகள் அனுப்பிய பை. அவள் பாசமாக அனுப்பியது, அவள் வயதுக்கும் பொருத்தமானது. வைட்டமின் சி, ரெட்டினால், கிளைகோலிக் அமிலம் எல்லாம் அதில் இருக்கும் என்று ஊகிக்கிறேன். ஸ்டீராய்டில் மெலிந்த முகத்தில் அவற்றைப் போட்டால் மிளகாய் அரைத்துப் பூசியது போல்தான். நியாசினமைடு என்று ஒன்று இருந்தால் மட்டும் வெளியே எடுத்து வையுங்கள், எரிச்சல் அடங்கிய பின் அதை ஆரம்பிக்கலாம். மற்றவற்றைப் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை மகளிடமே கொடுத்துவிடுங்கள். ரெட்டினால் வகைதான் சுருக்கத்துக்கு உண்மையிலேயே வேலை செய்யும் மருந்து, அதை மறுக்கவில்லை. ஆனால் அதற்குக் காலம் பங்குனி. வாரத்துக்கு இரண்டு இரவு, ஒரு பட்டாணி அளவு, டாக்டர் சொன்ன பிறகு. இருபது வயதில் மேல்தோல் நான்கு வாரத்தில் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும், நம் வயதில் ஆறு வாரத்துக்கு மேல் ஆகும். எதைப் போட்டாலும் அந்தக் கணக்கில்தான் பலன் தெரியும். பத்தாம் நாள் கண்ணாடி பார்த்துச் சலித்துக்கொள்வதில் அர்த்தம் இல்லை.

கல்யாண நாளுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். அழகு நிலையத்தில் 'மணமகள் அம்மா பேக்கேஜ்' என்று ஃபேஷியல், ப்ளீச் எல்லாம் சேர்த்துச் சொல்வார்கள். ப்ளீச் வேண்டவே வேண்டாம், உங்கள் முகம் இப்போது அதைத் தாங்காது. மேக்கப் போடலாம், ஆனால் மூன்று வாரம் முன்பு ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுங்கள். மாய்ஸ்சரைசர் பூசிப் பத்து நிமிடம் விட்டு, திரவ வகையை மெல்லிசாக ஒற்றச் சொல்லுங்கள். பவுடர் சுருக்கத்தின் மடிப்பில் போய் உட்கார்ந்து, இல்லாத கோட்டையும் எடுத்துக் காட்டும். மங்கு முழுக்க மறையும்வரை அடுக்கினால் முகம் சுவர் மாதிரி ஆகிவிடும். முக்கால்வாசி மறைந்தால் போதும், மீதியைச் சிரிப்பு பார்த்துக்கொள்ளும். உதட்டுக்கு வாசலின், முந்தின இரவே.

உங்கள் வீட்டுக்காரருக்கும் ஒரு வார்த்தை: அவருக்கும் அதே வெயில்தான். அந்த சன்ஸ்கிரீனில் இரண்டு கோடு அவர் காதுக்கும் வழுக்கைக்கும் பூசிவிடுங்கள்.

வாடாமல்லிப் பட்டுக்கு என் சீட்டு எதற்கு? தாராளமாகக் கட்டுங்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள். வறண்ட தோலில் ஜரிகை உரசினால் கழுத்தும் கையும் சாயங்காலத்துக்குள் தடித்துச் சிவந்துவிடும். ரவிக்கைக்கு உள்ளே, கழுத்தோரமும் கையோரமும் சேர்த்து, முழுதாகப் பருத்தி லைனிங் வைக்கச் சொல்லி இப்போதே தையல்காரரிடம் கொடுத்துவிடுங்கள். தை மாதத்தில் அவர் கையில் நேரம் இருக்காது.